ஸ்பிளெண்டருக்குக் கண்ணாடியும் கூரையும்: ஒரு ஆடி, ஒரு ஐப்பசி ஓட்டிப் பாத்தாச்சு

மொதல்லயே மார்க் சொல்லிர்றேன். பைக்குக்கு முன்னாடி மாட்டுன காத்துத் தடுப்புக் கண்ணாடிக்கு பத்துக்கு ஒம்போது, தலைக்கு மேல போட்ட மழைக் கூரைக்கு பத்துக்கு நாலு. அந்த நாலும் தைச்சுக் குடுத்த பெரியவரோட கைவேலைக்காகத்தான், இல்லீன்னா ரெண்டுதான் போட்டிருப்பேன். சோலி இருக்கறவங்க இத்தோட கெளம்பலாம். வண்டிக்கு பந்தல் போடறேன்னு பட்டறை வாசல்ல நிக்கறவங்க மட்டும் சித்த நேரம் உக்காந்து படிங்க, ஏன்னா நான் இதுல ஆறாயிரத்துச் சொச்சம் விட்டிருக்கேன், நீங்க பாதியிலயே முடிச்சுக்கலாம்.

நமக்கு பொள்ளாச்சிங்க. மருந்து மொத்தக் கடையில லைன் போற வேலை, அதாவது ஊர் ஊரா மருந்துக்கடைகளுக்குப் போறது. திங்கக்கெழமை ஆனமலை கோட்டூர், செவ்வாய் உடுமலை, புதன் சரக்கு எடுக்க கோயமுத்தூர், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா சனிக்கெழமை வால்பாறை. வண்டி ஸ்பிளெண்டர் பிளஸ், பின்னாடி கேரியர்ல அட்டைப்பொட்டி. ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்கு கொறையாது. வைகாசி கடைசில ஆரம்பிக்கற சாரல் புரட்டாசி வரைக்கும் விடாது, அப்பறம் ஐப்பசி கார்த்திகைல இடியோட பெரிய மழை. ரெயின்கோட்டு போட்டு ஓட்டுறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, மொதல் அஞ்சு கிலோமீட்டர் நல்லா இருக்கும், பொறவு தொடை இடுக்குல தண்ணி கொளம் கட்டி உள்ள எறங்கும், கைப்பக்கம் மேல ஏறி மணிக்கட்டு வழியா முழங்கை வரைக்கும் ஓடும், கடைக்குள்ள போயி பில்லு புக்கை எடுத்தா கார்பன் தாளும் வெள்ளைத் தாளும் ஒட்டுக்கா ஒட்டிக்கிட்டு இருக்கும். மருந்துக்கடைக்காரரு நம்மளப் பாத்து பாவப்பட்டு, தம்பி காய்ச்சலுக்கு நீயே ஒரு பட்டை மாத்திரை எடுத்துட்டு போப்பாங்கற அளவுக்கு ஆயிப்போச்சு.

மொதல்ல ஆன்லைன்ல ஒரு குடை மாதிரி ரெடிமேட் கூரை வாங்குனேன், 1,100 ரூவா. ஃபைபர் குச்சி, நைலான் துணி, எல்லா வண்டிக்கும் பொருந்தும்னு போட்டிருந்தான். கிணத்துக்கடவு தாண்டறதுக்குள்ள தலைகீழா திரும்பிக்கிச்சு. அதைப் பத்தி இதுக்கு மேல எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல, இப்ப எங்க வீட்ல மொளகா காயப் போடறப்ப விரிக்கறாங்க.

அதுக்கப்பறம்தான் நாமளே செஞ்சா என்னன்னு ரோசனை வந்துச்சு. கூரை போட்ட ரெண்டு சக்கர வண்டி உலகத்துல இல்லாத சமாச்சாரம் இல்லீங்க. பிஎம்டபிள்யூ காரனே 2000-ல சி1-ன்னு ஒரு ஸ்கூட்டர் விட்டான், மேல அலுமினியக் கூண்டு, முன்னாடி கண்ணாடி வைப்பரோட, சீட் பெல்ட்டு வேற, அதுனால பல நாட்டுல அதுக்கு ஹெல்மெட்டே வேண்டாம்னு விட்டாங்க. 2002-ல தயாரிப்ப நிறுத்திட்டான். 125 சிசி எஞ்சினு, ஆனா எடை 185 கிலோ. ஜப்பான்ல ஹோண்டாவோட கைரோ கேனபி 1990-ல இருந்து பீட்சா கொண்டு போயிட்டு இருக்கு, ஆனா அதுக்கு பின்னாடி ரெண்டு சக்கரம், மொத்தம் மூணு. இந்த ரெண்டு வெவரத்தையும் அப்பவே ஒழுங்கா யோசிச்சிருக்கணும். ஒருத்தன் எடையைப் போட்டு வண்டிய சாயாம நிக்க வச்சான், இன்னொருத்தன் சக்கரத்தைப் போட்டு நிக்க வச்சான். நான் 112 கிலோ ஸ்பிளெண்டர் மேல, ரெண்டே சக்கரத்துல, ரெக்சினைக் கட்டிட்டு பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல போறேன்னு கெளம்பிருக்கேன். சரி அது பின்னாடி வரும்.

கண்ணாடி கதைய மொதல்ல சொல்றேன், அதுதான் உருப்படியானது.

கண்ணாடின்னு நாம சொல்றது கண்ணாடி இல்ல, பாலிகார்பனேட் ஷீட்டு. நேம் போர்டு செய்யற கடைல போயி கேட்டா மொதல்ல அக்ரிலிக்கத்தான் எடுத்துக் காமிப்பாங்க, பாக்க பளபளன்னு இருக்கும், கீறலும் சீக்கிரம் விழாது, விலையும் கொறைச்சல். ஆனா அது ஒடைஞ்சா கூர் கூரா ஒடையும், டிரில் போடறப்பயே ஓரத்துல விரிசல் விடும், லாரி டயர்ல இருந்து ஒரு கல்லு தெறிச்சா நெஞ்சுக்கு நேரா வர்ற சாமானம் அது. பாலிகார்பனேட் சுத்தியல்ல தட்டுனாலும் வளையுமே ஒழிய ஒடையாது, ஆனா கீறல் மட்டும் பாத்துக்கிட்டு இருக்கறப்பவே விழும். நான் 4 எம்எம்ல ரெண்டுக்கு ரெண்டு அடித் துண்டு வாங்குனேன், 900 ரூவா. ரூஃபிங்குக்கு போடறாங்களே உள்ள காலியா வரி வரியா இருக்கறது, அது வேண்டாம், கட்டி ஷீட்டுன்னு கேட்டு வாங்குங்க.

வாங்குன அன்னிக்கே மொதல் தப்பு. ஷீட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டிருப்பான், அதுல ஒரு பக்கம் மட்டும் யூவி-ன்னு, அதாவது வெயிலோட புற ஊதாக் கதிரத் தாங்கற பக்கம்னு அச்சடிச்சிருக்கும். அந்தப் பக்கம் வெளிய, வெயிலப் பாத்து இருக்கணும். இல்லாட்டி ஒண்ணு ரெண்டு வருசத்துல பழுப்பு தட்டிரும். நான் ஆர்வத்துல ரெண்டு பக்கமும் உரிச்சுப் போட்டுட்டு, அப்பறம் எது எந்தப் பக்கம்னு வாசல்ல உக்காந்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பி பாத்துக்கிட்டு இருந்தேன். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒரு காசு போட்டு பூவா தலையா பாத்து மாட்டுனேன். உரிக்கறதுக்கு முன்னாடி மார்க்கர்ல ஒரு மூலைல புள்ளி வச்சுக்கங்க, அவ்வளவுதான் வேலை.

அடுத்து வளைவு. நேம் போர்டு கடையில ஹீட்டர் வச்சு வளைச்சுத் தர்றேன்னாங்க. அக்ரிலிக்குன்னா வளைக்கலாம். பாலிகார்பனேட் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சி வச்சிருக்கும், மணிக்கணக்கா சூட்டுல காய வைக்காம நேரா ஹீட்டர்ல வச்சா உள்ள குட்டி குட்டியா நுரை கட்டிரும், சோத்துக் கஞ்சி மாதிரி. அதுனால நான் சூடு பண்ணல, அப்படியே குளிர்ல வளைச்சு கிளாம்ப்புல இழுத்து புடிச்சேன். இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, தடிமனைப் போல நூறு மடங்காச்சும் வளைவோட ஆரம் இருக்கணும். 4 எம்எம்முக்கு 40 சென்டிமீட்டர். அத விட இறுக்கி வளைச்சா அன்னிக்கு ஒண்ணும் ஆகாது, ரெண்டு மாசம் கழிச்சு வெயில்ல நிக்கறப்ப தானா கீறு விடும். பாக்கறதுக்கு ரொம்ப அழகா உருண்டையா வேணும்னா இந்த முறை ஆகாது, எனக்கு அழகு தேவைப்படல.

உயரம்தான் எல்லாரும் கோட்டை விடற எடம். கண்ணாடி வழியா பாக்கக் கூடாதுங்க, கண்ணாடிக்கு மேல பாக்கணும். வண்டில நேரா உக்காந்தா மேல் விளிம்பு மூக்கு நுனிக்கு நேரா இருக்கணும். காத்து விளிம்புல ஏறி ஹெல்மெட்டு மேல போயிரும், பார்வை மறைக்காது. கண்ணுக்கு மேல ஒசத்தி வச்சா மழையில வைப்பரு இல்லாத கண்ணாடி வழியா ரோட்டப் பாக்கணும், ராத்திரில எதிர்ல வர்ற பஸ்ஸு லைட்டு ஒவ்வொரு கீறல்லயும் ஒரு நட்சத்திரமா சிதறும். நான் மொதல்ல மூணு இஞ்சு அதிகமா வச்சு ஒரு வாரம் ஓட்டிட்டு, அப்பறம் ஜிக்சா வச்சு அறுத்து எறக்குனேன்.

போல்ட்டு போட ஓட்டை போடறப்ப போல்ட்டு சைஸுக்கு சரியா போடாதீங்க, ரெண்டு எம்எம் பெருசா போட்டு ரப்பர் புஷ்ஷு வச்சு ரெண்டு பக்கமும் ரப்பர் வாஷர் குடுங்க. இந்த ஷீட்டு வெயிலுக்கு நல்லா விரியும். சித்திரை வெயில்ல நிக்கறதுக்கும் வால்பாறை குளிர்ல போறதுக்கும் நடுவுல இந்த ரெண்டடித் துண்டு ஒரு எம்எம்முக்கு மேல நீண்டு சுருங்கும், இறுக்கி வச்சா ஓட்டைல இருந்துதான் விரிசல் கெளம்பும்.

விரிசல்னதும் ஞாபகம் வருது. மொதல் ஷீட்டு எனக்கு பதினோரு நாள்தான் இருந்துச்சு. நட்டு லூஸாகுதுன்னு ஒரு பட்டறைல சொன்னேன், அங்க இருந்த பையன் நல்ல மனசோட, இருங்ணா இது போட்டா ஜென்மத்துக்கும் கழலாதுன்னு போல்ட்டுல சொட்டு சொட்டா விடற லாக்கர் பசைய ஊத்திவிட்டான். இரும்புக்கு இரும்பு அது அருமையான சாமானம். பாலிகார்பனேட்ல பட்டா விஷம். மறுநா காலைல பாக்கறேன், நாலு ஓட்டையச் சுத்தியும் எட்டுக்கால்பூச்சி வலை மாதிரி கீறு. பையனத் திட்டி என்ன ஆகப் போவுது, அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. 900 ரூவா போச்சு. இப்ப உள்ள நைலான் வளையம் வச்ச லாக் நட்டுதான், பசை கெடையாது. இதே மாதிரி பெட்ரோலு, தின்னரு, வீட்ல ஜன்னல் தொடைக்கற அமோனியா ஸ்பிரே எதையும் கிட்ட கொண்டு போகாதீங்க. தண்ணி, துளி ஷாம்பு, பழைய பருத்தி பனியன், அவ்வளவுதான். காஞ்ச துணியில தூசியோட தேய்ச்சீங்கன்னா அன்னிக்கே பால் கண்ணாடி.

இன்னொரு சின்ன விஷயம், கண்ணாடிக்கு கீழ ஹெட்லைட்டுக்கு மேல ரெண்டு விரல் இடைவெளி விட்டிருக்கேன். ஒட்டுக்கா மூடுனா கண்ணாடிக்கு பின்னாடி காத்து இல்லாம வெத்திடம் மாதிரி ஆகி, முதுகுப் பக்கத்துல இருந்து மழைத் தூறலை இழுத்து நம்ம மேலயே போடும். கீழ கொஞ்சம் காத்து விட்டா அது நிக்குது. ஹேண்டில்பாரு 22 எம்எம் குழாய், அதுக்கு நாலு கிளாம்ப்பு, போல்ட்டு, ரப்பர் எல்லாம் சேத்து 340, ஓட்டை போட்டுத் தந்ததுக்கு 150. மொத்த எடை ரெண்டு கிலோவுக்குள்ள.

ஓட்டுனா எப்புடி இருக்குன்னா, மொதல் நாளு உடுமலைல இருந்து சாயந்திரம் திரும்பறேன். அந்தப் பக்கம் ஓட்டுனவங்களுக்குத் தெரியும், போறப்ப காத்து முதுகுல தள்ளிக்கிட்டு போயி விடும், திரும்பறப்ப மேக்க பாத்து வரணும், கோமங்கலம் காத்தாடி எல்லாம் நமக்கு முதுகக் காட்டிட்டு மேக்க பாத்துதான் சுத்திக்கிட்டு இருக்கும், நெஞ்சுல யாரோ கைய வச்சு தள்ளிக்கிட்டே வர்ற மாதிரி இருக்கும், வீட்டுக்கு வந்தா தோள்பட்டை கழண்டு போயிருக்கும். அன்னிக்கு அந்தக் கை இல்லீங்க. நெஞ்சுல சட்டை கூட படபடக்கல. சாரல் தூறிக்கிட்டுதான் இருந்துச்சு, வந்து பாத்தா சட்டைப் பையில இருந்த பில்லு புக்கு காஞ்சு கெடக்குது. அதுக்கே குடுத்த காசு தீந்துருச்சு.

கொறையும் இருக்கு. கண்ணாடி இல்லாதப்ப ஹெல்மெட் வைசர்ல விழற தண்ணிய காத்தே ஓட்டி விட்டுரும், இப்ப காத்து படாததால சொட்டு அங்கயே உக்காந்துக்குது, இடது கை கிளவுஸ்ல தொடச்சுக்கிட்டே வரணும். 70-க்கு மேல போனா ஹெல்மெட்டு காதுப் பக்கம் ஒரு உறுமல். அந்த ஒரு மார்க்கு அதுக்குத்தான் கொறைச்சது. மைலேஜு 64 குடுத்துட்டு இருந்தது 61 ஆச்சு, அதைப் பெருசா எடுத்துக்க வேண்டியதில்ல.

இங்கயே நிறுத்திருக்கணும். நிறுத்தல.

நெஞ்சு காஞ்சுருச்சு, இனி தலையும் தொடையும் காஞ்சா போதும்னு ஒரு ஆசை. வெல்டிங் பட்டறைல போயி பேசுனேன். பட்டறைக்காரரு வண்டியச் சுத்தி ரெண்டு சுத்து வந்துட்டு, ஏனுங்க, ஆட்டோவே வாங்கிக்கலாமுங்களேன்னாரு. நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல.

அரை இஞ்சு ரவுண்டு பைப்பு, 16 கேஜு தடிமன், ஏழு மீட்டர். வளைக்கறப்ப நசுங்காம இருக்க பைப்புக்குள்ள மணல ரொப்பி ரெண்டு முனையையும் அடைச்சுட்டு வளைச்சாரு, அந்தக் காலத்து முறை, வளைவு சுத்தமா வந்துச்சு. முன் கால் ரெண்டும் லெக் கார்டுல யூ கிளாம்ப்பு, பின் கால் ரெண்டும் கேரியர்ல. ஹேண்டில்பாருல எதையும் மாட்டக் கூடாதுன்னு அவரு கண்டிஷனா சொல்லிட்டாரு, அது நல்ல புத்தி. கூரைய ஹேண்டில்ல மாட்டுனா காத்து கூரைய ஆட்டும், கூரை ஹேண்டில ஆட்டும், நாம வண்டிய ஓட்ட மாட்டோம், காத்துதான் ஓட்டும். அதே சமயம் ஹேண்டில இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒடிச்சா கண்ணாடியோ மிரரோ பைப்புல இடிக்கக் கூடாது, அதுக்காக முன் கால் ரெண்டையும் வெளிய தள்ளி வச்சதுல அகலம் 85 சென்டிமீட்டர் ஆயிருச்சு. வெல்டிங் எல்லாம் வண்டில இருந்து கழட்டி வச்சுட்டு தரைலதான் அடிச்சாரு. வண்டி மேலயே வச்சு அடிச்சுத் தர்றேன்னு யாராச்சும் சொன்னா வேண்டாங்க, கீழ பெட்ரோல் டேங்க் இருக்கு. பைப்பு, வளைக்கற கூலி, வெல்டிங், கிளாம்ப்பு சேத்து 2,600. ரெட் ஆக்சைடும் கருப்பு பெயிண்டும் நானே அடிச்சேன், 220.

தைக்கறதுக்கு ஆட்டோ ஹூடு தைக்கற பெரியவரு ஒருத்தரு. கடைன்னு சொல்ல முடியாது, வேப்பமரத்தடில ஒரு தார்ப்பாய், அதுக்கு கீழ கனமான தையல் மெஷின், பழைய ஆட்டோ சீட்டு மலையா குமிஞ்சு கெடக்குது. இந்த மொத்த கதைலயும் முழு மார்க்கு வாங்குன ஒரே ஆளு அவருதான். அளவெடுக்க டேப்பே எடுக்கல. பழைய தார்ப்பாயி ஒண்ண ஃபிரேம் மேல போத்தி, சாக்பீஸ்ல கோடு போட்டு, வெட்டி, திரும்ப போத்திப் பாத்துட்டுத்தான் நல்ல ரெக்சின்ல கத்திரி வச்சாரு. தையல் ஒவ்வொண்ணும் மடிச்சு மடிப்பு கீழ பாத்து வர்ற மாதிரி போட்டாரு, ஓடு வேயறாப்பல. தண்ணி தையல் மேல உக்காராது, வழிஞ்சு போயிரும். மேக் கூரைல ஒரு ஊசி ஓட்டை கூட இல்ல, எல்லாத் தையலும் பக்கவாட்டுலதான்.

அண்ணா, மேல நடுவுல ஒரு தையல் போட்டா துணி மிச்சமாகுமில்லீங்ளான்னு கேட்டேன்.

துணி மிச்சமாகும் கண்ணு, உன் மண்டை நனையும்னாரு.

கூரை முன் விளிம்புல இருந்து கண்ணாடி வரைக்கும் ஒரு நாக்கு மாதிரி ரெக்சின் தொங்கல், ரெண்டு பக்கமும் ஆட்டோவுக்கு வர்ற மாதிரி டிரான்ஸ்பரெண்ட் படுதா, டிச் பட்டன் போட்டு கழட்டி மாட்டிக்கலாம். 1,800 ரூவா. ஃபிரேமும் துணியும் சேத்து எங்க கடை தராசுல போட்டேன், அஞ்சரை கிலோ. எடை பெருசில்ல, ஆனா அத்தனையும் நம்ம தலைக்கு மேல. வண்டிய சைடு ஸ்டாண்டுல இருந்து நிமித்தறப்பயே தெரியும்.

இப்ப மழைக்கு வர்றேன். கூரை போட்டா நனைய மாட்டோம்ங்கறது நின்னுக்கிட்டு இருக்கறவனோட கணக்கு. பெரிய மழைச்சொட்டு ஒரு செகண்டுக்கு எட்டு மீட்டர் வேகத்துல விழுதுன்னா, நாம 50-ல போறப்ப ஒரு செகண்டுக்கு 14 மீட்டர் முன்னாடி போறோம். அப்ப மழை மேல இருந்து வர்றதில்ல, முன்னாடி இருந்து வருது. ஆடிச் சாரல் இன்னும் மோசம், பொடிச் சொட்டு மெதுவா விழும், மூணு நாலு மீட்டர்தான், அது கிட்டத்தட்ட படுத்துக்கிட்டே வந்து அடிக்கும். முன்னாடி வர்றத கண்ணாடி தடுக்குது. மேல இருக்கற கூரை எப்ப உபயோகமாகுதுன்னா, ரயில்வே கேட்டுல நிக்கறப்ப, காந்திபுரம் சிக்னல்ல நிக்கறப்ப, டீக்கடை வாசல்ல பேசிக்கிட்டு இருக்கறப்ப. அதாவது வண்டி ஓடாதப்ப. 4,620 ரூவா குடுத்து நான் வாங்குனது சிக்னல்ல நிக்கறதுக்கு ஒரு குடை.

சரி, நனையாட்டி போகுது, ஓட்டவாச்சும் நல்லா இருக்கான்னா அதுதான் பெரிய கூத்து.

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொன்னவங்க நம்ம பக்கத்துலதான் எங்கயோ உக்காந்து சொல்லிருக்கணும். மேற்குத் தொடர்ச்சி மலைல பாலக்காட்டுக்கிட்ட மட்டும் ஒரு முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை இல்ல, தென்மேற்குப் பருவக்காத்து அந்த வாசல் வழியாதான் உள்ள வருது. பொள்ளாச்சி கோயமுத்தூர் ரோடு வடக்கு தெக்கா போகுது, காத்து மேக்க இருந்து வருது. அப்ப கோயமுத்தூர் போறப்ப காத்து அத்தனையும் இடது விலாவுல. நேரா வர்ற காத்து மைலேஜத்தான் தின்னும், பக்கத்துல இருந்து வர்றது ஆளையே தின்னும்.

படுதாவையும் மாட்டிக்கிட்டு ஆடி ரெண்டாவது புதன் காலைல கெளம்புனேன். ஊருக்குள்ள ஒண்ணும் தெரியல, பள்ளிக்கூடத்துப் பசங்க கைகாட்டி சிரிச்சாங்க, நானும் பெருமையா ஹாரன் அடிச்சேன். நாலு வழிச்சாலைல ஏறி தென்னந்தோப்பு மறைவு முடிஞ்ச எடத்துல ஒரு வீச்சு வந்துச்சு பாருங்க, வண்டி ஒரு முழு லேன் வலது பக்கம் நகந்துருச்சு, நான் திருப்பல, பிரேக் புடிக்கல, சும்மா உக்காந்திருக்கேன், வண்டி மட்டும் தேர் மாதிரி நகருது. நடுத் திட்டு கிட்ட வந்து நின்னுச்சு. அப்பறம் இடது பக்கம் சாஞ்சே ஓட்ட ஆரம்பிச்சேன், காத்து மேல சாஞ்சுக்கற மாதிரி. அது கொஞ்ச நேரம் சரியாத்தான் இருந்துச்சு. சர்வீஸ் ரோட்டுல இடது பக்கம் ஒரு பஸ்ஸு வந்து எனக்கும் காத்துக்கும் நடுவுல புகுந்துச்சு. காத்து டப்புன்னு நின்னுருச்சு. சாஞ்சுக்க செவுரு இல்ல. இடது பக்கம் பஸ்ஸப் பாத்து வண்டி போகுது, புடிச்சு நிமித்தறதுக்குள்ள பஸ்ஸு முன்னாடி போயி காத்து மறுக்கா அறையுது. கிணத்துக்கடவுல ஒரு டீக்கடைல எறங்கி உக்காந்தேன், கை நடுங்கிக்கிட்டு இருந்துச்சு, டீ டம்ளர ரெண்டு கையில புடிச்சுதான் குடிச்சேன்.

காத்தோட கணக்கு இதுதான்: வேகம் ரெண்டு மடங்கானா தள்ளற பலம் நாலு மடங்கு. ஒரு சதுர மீட்டர் பரப்புல 40 கிலோமீட்டர் வேகக் காத்து ஏழரை கிலோ எடை மாதிரி தள்ளும், 60-ல 17, 80-ல 30 கிலோ. என்னோட ஒரு பக்கத்துப் படுதா மட்டுமே ஒரு சதுர மீட்டருக்கு மேல, அதுவும் உசரத்துல. உசரத்துல தள்ளுனா சின்னத் தள்ளும் பெருசுதான், ஏணி உச்சியப் புடிச்சு ஆட்டற மாதிரி. அதுனாலதான் பிஎம்டபிள்யூ காரன் கூட பக்கவாட்டுல ஒண்ணும் போடாம தொறந்து விட்டிருக்கான்னு அந்த டீக்கடைலதான் எனக்கு புத்தில ஒறைச்சுது. படுதாவக் கழட்டி சுருட்டி பொட்டில வச்சு, 35-ல ஓரமா ஊந்து வீடு வந்து சேந்தேன்.

படுதா இல்லாம வெறும் கூரையோட ஐப்பசி வரைக்கும் ஓட்டிப் பாத்தேன், விடக் கூடாதுன்னு. ஐப்பசி மழை காத்தில்லாம செங்குத்தா கொட்டற மழை, ஊருக்குள்ள 25, 30-ல போறப்ப கூரை உண்மைலயே நல்லா இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. பொண்ண டியூசன்ல இருந்து கூட்டிட்டு வர்றப்ப அவ நனையாம வந்தா, அவளுக்கு ஒரே சந்தோசம், அவ ஃபிரண்டு ஒருத்திக்கு லிஃப்ட்டு குடுக்கச் சொல்லி அடம். ஊருக்குள்ளயே சுத்தறவங்க, பால் ஊத்தறவங்க, பேப்பர் போடறவங்க, டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டு வச்சு 30-ஐத் தாண்டாதவங்களுக்கு இது ஆகும். லைன் போறவனுக்கு ஆகாது. வால்பாறைக்கு ஒரே ஒருக்கா கூரையோட போனேன், ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவுலயும் வண்டி சாய மாட்டேங்குது, சாஞ்சா நிமிர மாட்டேங்குது, மேல போயி சேர்றப்ப வயிறு கலங்கிருச்சு. மைலேஜு 52.

சட்டத்தையும் சொல்லிர்றேன், ஏன்னா பட்டறைல யாரும் சொல்ல மாட்டாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி குடுத்த வடிவத்துல இருந்து ஆர்சில இருக்கற வெவரம் மாறற மாதிரி வண்டிய மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதத்தான் அழுத்திச் சொல்லுச்சு. அதே வருசம் வந்த திருத்தத்துல 182ஏ-ன்னு ஒரு பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூவா, இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். கண்ணாடிக்கு இது வரைக்கும் என்னை யாரும் ஒண்ணும் கேக்கல. கூரையோட ஒரு நாள் வழியில நிறுத்துனாங்க. அந்த அதிகாரி ரொம்ப நேரம் சுத்திப் பாத்தாரு, நம்பர் பிளேட்டு இண்டிகேட்டரு எதுவும் மறையலைன்னு நான் காமிச்சேன், கழட்டற பின்னையும் காமிச்சேன். இன்சூரன்ஸ் இருக்கில்லன்னாரு, இருக்குங்க சார்னேன். ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா இதக் காட்டியே அவன் குடுக்க மாட்டான் தம்பி, வீட்டுக்கு போயி கழட்டிருன்னு சொல்லி அனுப்பிட்டாரு. பைன் போட்டிருந்தா கூட வெசனம் இருந்திருக்காது, அந்த வார்த்தைதான் ராத்திரி தூக்கத்தக் கெடுத்துச்சு.

மறுநாளே கழட்டிட்டேன். ஃபிரேம இப்ப பின்கட்டுல தொவைக்கற கல்லுக்கு மேல நட்டு வச்சாச்சு, எங்கூட்டுக்காரி மழையிலயும் நனையாம துணி தொவைக்கறா, உங்க வண்டி கூரைக்கு எத்தன மார்க்குன்னு அவளக் கேட்டா பத்துக்கு பத்து குடுப்பா.

கண்ணாடி அப்படியே வண்டில இருக்கு. தொடையும் முழங்காலும் இன்னும் நனைஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு, அதுக்கு பெரியவருகிட்டயே மறுக்கா போனேன். அவரு லெக் கார்டு ரெண்டு பக்கத்துக்கும் மிச்ச ரெக்சின்ல செவ்வகமா ஒரு தடுப்பு தைச்சுக் குடுத்தாரு, ஷூவும் முழங்காலும் அதுக்கு பின்னாடி ஒளிஞ்சுக்குது. நடுவுல எஞ்சினுக்கு நேரா மட்டும் துணி விடல, காத்துல குளிர்ற எஞ்சினு, அங்க மூடுனா சூடேறிரும், அது அவருக்கே தெரிஞ்சிருந்துச்சு. 250 ரூவா. ரெண்டு வாரம் ஓட்டிட்டேன், முழங்காலுக்கு கீழ காஞ்சுதான் வருது, 4,620 ரூவா கூரை செய்யாதத இந்த 250 ரூவா செய்யுது. தொடை இடுக்குல கட்டற கொளத்துக்கு மட்டும் இன்னும் வழி கெடைக்கல. டேங்க்ல இருந்து சீட்டு வரைக்கும் மடில விரிச்சுக்கற மாதிரி ஒரு துண்டு ரெக்சின் தைக்கலாம், ஆனா எறங்கறப்ப கால்ல மாட்டக் கூடாது, அத எப்புடி பட்டன் வக்கறதுன்னு யோசிச்சு வக்கறேன்னாரு. வெள்ளிக்கெழமை பொழுதோட வண்டியோட வரச் சொல்லிருக்காரு.